துருத்தி பொருத்திய கார்கள் பந்தயத் தடத்தில் தாங்குமா?

ஒரு காலத்தில் ‘டர்போ’ என்ற சொல்லை நாம் லாரிகளின் முகப்பில்தான் பார்த்திருப்போம். இன்று அது நம் குடியிருப்பு வாசலில் நிற்கும் சின்னக் கார்களின் முதுகிலும் ஏறிவிட்டது. 2013-ல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. வெறும் 1.2 லிட்டர் இன்ஜினிலிருந்து 105 குதிரைத்திறனைக் கொடுத்தது. பிறகு 2017-ல் டாடா நெக்ஸான், 2021-ல் ஹூண்டாய் ஐ20 என் லைன் என்று வரிசையாக வந்தன. பத்து லட்சம், பன்னிரண்டு லட்சம் என்று கடன் வாங்கி, மாதத் தவணை கட்டி, குடும்பம் முழுவதும் உபயோகிக்கிற வண்டிகள் இவை.

இந்த வண்டியைத்தான் வீட்டுப் பிள்ளையோ பெண்ணோ ஒருநாள், “அப்பா, ஞாயித்துக்கிழமை டிராக் டே இருக்கு, எடுத்துட்டுப் போறேன்” என்று கேட்கிறார்கள். தெருவிலும் நெடுஞ்சாலையிலும் பறப்பதைவிட, எதிரே வண்டி வராத, ஆம்புலன்ஸ் தயாராக நிற்கிற பந்தயத் தடத்தில் ஓட்டுவது எவ்வளவோ மேல். அதனால் “வேண்டாம்” என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடவும் மனம் வருவதில்லை. “வண்டி தாங்குமா?” என்று கேட்டால், “அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுப்பா, கம்பெனிக்காரன் டெஸ்ட் பண்ணிட்டுத்தான் விடறான்” என்று பதில் வரும்.

அந்தப் பதில் முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. டர்போ இன்ஜின் இயல்பிலேயே பலவீனமானது அல்ல. அதன் பிரச்சினை பலம் அல்ல, சூடு. உண்டாகும் சூட்டை வெளியேற்ற முடிகிறவரை வண்டி தாங்கும். வெளியேற்ற முடியாத நிமிடத்திலிருந்து தாங்காது. இது எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

துருத்தியின் வேலை

நம் ஊர்க் கொல்லன் பட்டறையை நினைத்துக்கொள்ளுங்கள். உலையில் கரி இருக்கிறது, நெருப்பும் இருக்கிறது. ஆனால் துருத்தியை அமுக்கினால்தான் இரும்பு பழுக்கும். கரியை எரிப்பது காற்று; காற்று அதிகமானால் அதிகக் கரியை எரிக்கலாம். கார் இன்ஜினிலும் இதே கணக்குதான். சாதாரண இன்ஜின் தன் பிஸ்டன் கீழே இறங்கும்போது உறிஞ்சுகிற காற்றோடு திருப்திப்படுகிறது. அதற்கு ஒரு துருத்தி வைத்து, காற்றை அமுக்கி உள்ளே அனுப்பினால், அதே சிறிய இன்ஜினில் கூடுதல் பெட்ரோலை எரிக்கலாம், கூடுதல் சக்தி பெறலாம்.

இந்தத் துருத்தியை ஓட்ட இரண்டு வழிகள். இன்ஜின் சுழற்சியிலிருந்தே பெல்ட் போட்டு ஓட்டினால் அது சூப்பர்சார்ஜர். புகைபோக்கி வழியாக வீணாகப் போகும் சூடான வாயுவைக் கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதன் அச்சின் மறுமுனையில் உள்ள சக்கரத்தால் காற்றை அமுக்கினால் அது டர்போ. சூப்பர்சார்ஜரின் பூர்வீகமே உலைதான். அமெரிக்காவின் ரூட்ஸ் சகோதரர்கள் 1860-ல் காப்புரிமை பெற்ற காற்றூதி இரும்பு உருக்கும் உலைகளுக்குப் பயன்பட்டது. பிற்காலத்தில் அதே அமைப்பு கார்களுக்கு வந்தது. 1921-ல் பெர்லின் கண்காட்சியில் மெர்சிடீஸ் சூப்பர்சார்ஜர் பொருத்திய கார்களைக் காட்டியது. டர்போவுக்கு சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஷி 1905-ல் காப்புரிமை பெற்றார்.

காற்றை அமுக்கினால் சூடு

சைக்கிளுக்குக் கைப்பம்பால் காற்றடித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பத்துப் பதினைந்து தடவை வேகமாக அடித்ததும் பம்பின் அடிப்பாகம் சுடும். காற்றை அமுக்கினால் அது சூடாகும். டர்போவிலும் அதேதான் நடக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. வெளியே 40 டிகிரி வெயில். அந்தக் காற்றை டர்போ இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு அமுக்கினால், டர்போவின் திறமை 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும், வெளியே வரும் காற்று ஏறத்தாழ 135 டிகிரியில் இருக்கும். இதை அப்படியே இன்ஜினுக்குள் அனுப்பினால் ஆபத்து. அதனால்தான் நடுவில் இன்டர்கூலர் என்ற குளிர்விப்பான் வைக்கிறார்கள். பார்ப்பதற்கு ரேடியேட்டர் மாதிரியே இருக்கும்; தண்ணீருக்குப் பதில் காற்றைக் குளிர்விக்கும்.

மறுபக்கம், டர்போவைச் சுழற்றும் புகை பெட்ரோல் இன்ஜினில் 900 டிகிரியைத் தாண்டும். அந்தச் சக்கரம் நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் சுற்று சுற்றும். அந்த அச்சைத் தாங்குவது பெரும்பாலான வண்டிகளில் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம்தான். நாம் ஊற்றுகிற இன்ஜின் ஆயிலேதான் அங்கேயும் போய் வேலை செய்கிறது.

சாலை வேறு, தடம் வேறு

“நெடுஞ்சாலையில் நான்கு மணி நேரம் ஓட்டுகிறோமே, ஒன்றும் ஆகவில்லையே, தடத்தில் இருபது நிமிடத்தில் என்ன ஆகிவிடும்?” என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி.

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் சமதரையில் சீராகப் போகும் ஒரு சிறிய காருக்கு 20, 25 குதிரைத்திறன் போதும். 110 குதிரைத்திறன் இன்ஜினில் முக்கால் பங்குக்கு மேல் சும்மா கிடக்கிறது. லாரியை முந்தும்போது பத்து விநாடி முழுச் சக்தியைக் கேட்போம், பிறகு விட்டுவிடுவோம். அந்தப் பத்து விநாடியில் ஏறிய சூடு அடுத்த இரண்டு நிமிடத்தில் காற்றோடு போய்விடும்.

தடத்தில் அப்படி இல்லை. கிரேட்டர் நொய்டாவில் உள்ள புத்தா சர்வதேசப் பந்தயத் தடத்தை எடுத்துக்கொள்வோம். 2011 முதல் 2013 வரை மூன்று ஆண்டுகள் ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்த இடம். முதல் ஆண்டு நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனும் அதில் ஓட்டினார். சுற்றின் நீளம் 5.125 கிலோமீட்டர், 16 திருப்பங்கள். வீட்டுக் கார் ஒரு சுற்றுக்கு இரண்டரை, மூன்று நிமிடம் எடுத்துக்கொள்ளும். அதில் ஏறத்தாழ பாதி நேரம் ஆக்ஸிலரேட்டர் தரையோடு ஒட்டியிருக்கும். மீதி நேரம் பிரேக், திருப்பம்; அப்போதும் இன்ஜின் உயர்ந்த சுழற்சியிலேயே இருக்கும். ஒரு சுற்றின் சூடு ஆறுவதற்குள் அடுத்த சுற்று வந்துவிடும்.

எரியும் பெட்ரோலின் சக்தியில் தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்கு உதவுகிறது. இன்னொரு பங்கு புகையோடும், மற்றொரு பங்கு ரேடியேட்டர் வழியாகவும் சூடாகப் போகிறது. அதாவது வண்டி 100 குதிரைத்திறன் கொடுக்கும்போது, சுமார் 200 குதிரைத்திறனுக்குச் சமமான சூட்டை எங்கேயாவது கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். சிறிய இன்ஜின், சிறிய பானெட், ஏ.சி. கண்டென்சரும் இன்டர்கூலரும் ரேடியேட்டரும் ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கியடித்து நிற்கிற முகப்பு. இதில் டர்போ இல்லாத இன்ஜினைவிட அதிகச் சூட்டைச் சமாளிக்க வேண்டும் என்றால் சிரமம்தானே?

எது முதலில் களைக்கும்?

முதலில் களைப்பது பெரும்பாலும் இன்டர்கூலர். இரண்டு மூன்று சுற்றுகளில் அதன் உலோகமே சூடேறிவிட்டால், பின்னால் வரும் காற்றை அதனால் சரியாகக் குளிர்விக்க முடியாது. சூடான காற்று உள்ளே போனால் பெட்ரோல் கலவை தீப்பொறிக்கு முன்னாலோ, தாறுமாறாகவோ வெடிக்கப் பார்க்கும். மெக்கானிக்குகள் “நாக் அடிக்குது” என்பார்களே, அதுதான். தொடர்ந்து நாக் அடித்தால் பிஸ்டன் உடையும். இதைத் தடுக்க வண்டியிலுள்ள கணினி தீப்பொறியின் நேரத்தைத் தள்ளிப்போடும், டர்போ அழுத்தத்தைக் குறைக்கும், கூடுதல் பெட்ரோலைத் தெளித்து உள்ளே குளிர்விக்கும். ஓட்டுகிறவருக்கு, “முதல் சுற்றுல இருந்த இழுப்பு இப்போ இல்லையே” என்று தோன்றும். அது கோளாறு அல்ல. வண்டி தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்கிறது.

அடுத்தது ஆயில். சாலையில் 90 முதல் 110 டிகிரிக்குள் இருக்கும் ஆயில் தடத்தில் 130-ஐத் தாண்டுவது சர்வசாதாரணம். சூடு ஏற ஏற ஆயில் தண்ணீர் மாதிரி இளகும், படலம் மெலியும். நீண்ட திருப்பங்களில் வேகமாகத் திரும்பும்போது அடித்தட்டில் உள்ள ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்பு ஒரு கணம் காற்றை உறிஞ்சவும் கூடும். இரண்டு லட்சம் சுற்று சுற்றும் அச்சுக்கு அந்த ஒரு கணம் பெரிது.

மூன்றாவது, பலரும் மறந்துவிடுகிற பிரேக். டர்போவின் தயவில் வண்டி நேர்ப்பாதையின் கடைசியில் அதிக வேகத்தில் வந்து சேர்கிறது. 1,200 கிலோ கார் ஒன்று 160-லிருந்து 80 கிலோமீட்டர் வேகத்துக்குக் குறைவதற்கு ஒருதரம் பிரேக் பிடித்தால், அதில் உண்டாகும் சூடு மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். ஒவ்வொரு சுற்றிலும் இப்படிப் பலதரம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. டாட் 4 வகைப் புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறிய பிறகு 155 வரை இறங்கலாம். அது கொதித்து ஆவியானால் பெடல் தரைவரைக்கும் போகும், வண்டி நிற்காது. இன்ஜின் போனால் பணம் போகும். பிரேக் போனால் உயிரே போகலாம்.

இரட்டைக் கிளட்ச் தானியங்கி கியர்பெட்டி உள்ள வண்டிகளில் அந்தக் கியர்பெட்டியும் சூடேறி எச்சரிக்கை விளக்கு போடும். அப்போது “இன்னும் ஒரே ஒரு சுற்று” என்று ஓட்டக்கூடாது.

சரித்திரம் சொல்வது

டர்போ கார்களின் கதை முழுக்கவே சூட்டோடு மல்லுக்கட்டிய கதைதான். 1962-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், உலகின் முதல் டர்போ பயணிகள் கார்களில் ஒன்று. நாக் அடிக்காமலிருக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தை இன்ஜினுக்குள் தெளிக்கும் ஏற்பாடு அதில் இருந்தது. அந்தத் திரவத்தை அவ்வப்போது நிரப்ப வேண்டும். பலர் நிரப்பவில்லை. தீர்ந்துபோனால் வண்டி டர்போ அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். “சக்தி இல்லை” என்று சலித்துக்கொண்டவர்கள் சிலர் டர்போவையே கழற்றிவிட்டார்கள். 1963-உடன் அந்தக் கார் நின்றுபோயிற்று.

1977-ல் ரெனோ நிறுவனம் 1.5 லிட்டர் டர்போ இன்ஜினுடன் ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கு வந்தது. மற்றவர்கள் 3 லிட்டர் இன்ஜின் வைத்திருந்தார்கள். ரெனோ கார் அடிக்கடி புகை கக்கி நின்றதால் அதற்கு ‘மஞ்சள் தேநீர்க் கெண்டி’ என்று கேலிப்பெயர். ஆனால் 1979-ல் பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் அது ஜெயித்தது, 1983-ல் பி.எம்.டபிள்யூ. டர்போ இன்ஜினுடன் நெல்சன் பிக்கே உலகச் சாம்பியன் ஆனார். 1989-ல் டர்போ தடை செய்யப்பட்டு, 2014-ல் திரும்பி வந்தது. அந்த ஆண்டு 19 பந்தயங்களுக்கு ஓர் ஓட்டுநருக்கு ஐந்து இன்ஜின்கள் மட்டுமே அனுமதி. 2018-ல் 21 பந்தயங்களுக்கு மூன்றுதான்.

இருபத்துநாலு மணி நேரம் இடைவிடாமல் ஓடும் லே மான்ஸ் பந்தயத்தில் 1976-லேயே போர்ஷே 936 டர்போ கார் ஜெயித்துவிட்டது. 2006-ல் ஆடியின் டர்போ டீசல் கார் அங்கே வென்றது. ஆக, டர்போ தடத்தில் தாங்காது என்று யாரும் சொல்ல முடியாது. குளிர்விப்பதற்கு வேண்டிய ரேடியேட்டர், காற்றுப் பாதை, ஆயில் கூலர் எல்லாம் அளவறிந்து வைத்தால் தாங்கும். வீட்டுக் காரில் விலை, இடம், மைலேஜ் என்று பார்த்து, சாலைக்கு வேண்டிய அளவே வைத்திருப்பார்கள்.

விலையுயர்ந்த கார்களும் இதற்கு விலக்கல்ல. செவ்ரோலே கார்வெட் இஸட்06, 2015 மாடலில் 6.2 லிட்டர் சூப்பர்சார்ஜர் இன்ஜினும் 650 குதிரைத்திறனுமாக வந்தது. தடத்துக்காகவே விளம்பரம் செய்யப்பட்ட அந்தக் கார் சீக்கிரமே சூடேறிச் சக்தியைக் குறைத்துக்கொள்கிறது என்று உரிமையாளர்கள் புகார் சொன்னார்கள். 2017-ல் வழக்கும் போட்டார்கள். 2017 மாடலில் பானெட்டில் பெரிய காற்றுத் திறப்பு வைத்தார்கள். 2023-ல் வந்த அடுத்த இஸட்06-ல் சூப்பர்சார்ஜரே இல்லை, 5.5 லிட்டர் சாதாரண இன்ஜினிலிருந்து 670 குதிரைத்திறன் எடுத்தார்கள்.

டர்போவா, சூப்பர்சார்ஜரா?

சூப்பர்சார்ஜரில் 900 டிகிரிப் புகையோடு சகவாசம் இல்லை. அது ஒரு நல்லது. ஆனால் அதை ஓட்ட இன்ஜினே சக்தி கொடுக்க வேண்டும். அந்தச் சக்திக்கும் சேர்த்துப் பெட்ரோல் எரிய வேண்டும், அந்தச் சூடும் கணக்கில் ஏறும். பல வண்டிகளில் அது இன்ஜினின் தலைமேலேயே உட்கார்ந்திருப்பதால் கீழிருந்து வரும் அனலும் சேர்ந்துகொள்ளும். டர்போவில் சூடு ஒரு மூலையில் குவிகிறது. சூப்பர்சார்ஜரில் நடுவில் தேங்குகிறது. இரண்டிலும் முடிவு செய்வது குளிர்விக்கும் ஏற்பாடுதான்.

ரீமேப் என்ற ஆசை

இருபதாயிரம், முப்பதாயிரம் ரூபாய்க்குக் கணினியின் கணக்குகளை மாற்றி, 110 குதிரைத்திறனை 140 ஆக்கித் தருகிறேன் என்பவர்கள் எல்லா நகரத்திலும் உண்டு. சாலையில் அது ஜோராகத்தான் இருக்கும். ஆனால் சக்தியைக் கூட்டும்போது இன்டர்கூலரோ ரேடியேட்டரோ பெரிதாவதில்லை. கம்பெனி வைத்திருந்த பாதுகாப்பு இடைவெளியைத்தான் நாம் செலவழிக்கிறோம். அதிலும் நாக், வெப்பம் பார்த்துச் சக்தியைக் குறைக்கும் காவலை யாராவது தளர்த்தியிருந்தால், அது நோயாளிக்குக் காய்ச்சல் தெரியாமலிருக்க தெர்மாமீட்டரை உடைத்த கதை. ரீமேப் செய்த வண்டியைத் தடத்துக்கு அனுப்பாமலிருப்பதே நல்லது. அனுப்பியே தீரவேண்டும் என்றால் பெரிய இன்டர்கூலர், ஆயில் கூலர் ஆகியவற்றுக்கும் சேர்த்துச் செலவு செய்தாக வேண்டும்.

போகும் முன்னும் வந்த பின்னும்

எந்த மாற்றமும் செய்யாத டர்போ காரை ஒருநாள் தடத்துக்குக் கொண்டுபோகிறவர்கள் இவற்றைக் கவனித்தால் போதும்.

புது ஆயில், கம்பெனி சொன்ன தரத்தில், மேல்கோடு வரைக்கும். அதற்கு மேல் ஊற்றக்கூடாது. பிரேக் ஆயிலைப் போன வருஷத்தோடு விடாமல் புதிதாக மாற்றுங்கள். பிரேக் பேட் பாதிக்குமேல் தேய்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். கூலன்ட் அளவு, முகப்பிலுள்ள ரேடியேட்டரில் தூசி, பூச்சி அடைப்பு எல்லாம் பாருங்கள். வட இந்தியக் கோடையைத் தவிர்த்து நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போனால், உள்ளே போகும் காற்றே 15, 20 டிகிரி குறைவாக இருக்கும்.

தடத்தில் முதல் சுற்று மெதுவாக. ஆயில் சூடாவதற்கு முன் டர்போவை விரட்டக்கூடாது. பிறகு மூன்று அல்லது நான்கு வேகச் சுற்றுகள். அதன்பின் ஒரு சுற்று பிரேக்கை அதிகம் தொடாமல் நிதானமாக. இப்படி மாற்றி மாற்றி ஓட்டினால் இன்டர்கூலருக்கும் பிரேக்குக்கும் மூச்சு வாங்க நேரம் கிடைக்கும். இழுப்பு குறைந்தாலோ, பெடல் மெத்தென்று ஆனாலோ, விளக்கு எரிந்தாலோ உடனே உள்ளே வந்துவிட வேண்டும்.

வந்து நின்றதும் சாவியைத் திருகி அணைக்காதீர்கள். ஓடி வந்தவர் உடனே படுத்துக்கொள்ளக்கூடாது என்பார்களே, அது டர்போவுக்கும் பொருந்தும். இன்ஜினை அணைத்தால் ஆயில் ஓட்டமும் நின்றுவிடும். கொதிக்கும் டர்போவுக்குள் தங்கிய ஆயில் கருகிக் கரியாகப் படியும். இன்றைய பல வண்டிகளில், அணைத்த பிறகும் தண்ணீரைச் சுற்றவைக்கும் சிறு மின் பம்பு உண்டு. இருந்தாலும் ஒன்றிரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டு அணைப்பது நல்ல பழக்கம். பானெட்டைத் திறந்து வையுங்கள். கைப்பிரேக் போட வேண்டாம், கியரில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது.

வீடு திரும்பியதும் ஆயில் அளவையும் பேட், டயர்களையும் மறுபடி பாருங்கள். திங்கட்கிழமை காலை அதே வண்டியில்தான் குழந்தை பள்ளிக்கூடம் போகப்போகிறது.

காகிதங்களையும் படியுங்கள்

கடைசியாக ஒன்று. நம் நாட்டு மோட்டார் இன்ஷூரன்ஸ் பாலிசிகளில் ‘உபயோக வரம்பு’ என்று ஒரு பகுதி இருக்கும். பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்கு வண்டியை உபயோகித்தால் காப்பீடு செல்லாது என்று அதில் வழக்கமாகவே எழுதியிருக்கும். கம்பெனி வாரண்டிக்கும் இப்படி நிபந்தனைகள் உண்டு. தடத்தில் டர்போ போனாலோ, வண்டி சுவரில் முட்டினாலோ செலவு முழுக்க நம் கையிலிருந்துதான். தவணை மட்டும் மாதாமாதம் போய்க்கொண்டிருக்கும்.

ஆகவே பிள்ளை கேட்கும்போது, “வண்டி தாங்குமா?” என்பதோடு நிறுத்தாமல் இன்னும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: “பிரேக் ஆயில் எப்போ மாத்தினே? எத்தனை சுற்றுக்கு ஒருதரம் ஆறவிடுவே? பாலிசியைப் படிச்சியா?” மூன்றுக்கும் சரியான பதில் வந்தால், தைரியமாகச் சாவியைக் கொடுக்கலாம். முடிந்தால் நீங்களும் கூடப் போய்ப் பாருங்கள்.